மாட்டுக்குப் பல் பார்க்கிறோம், லேப்டாப்புக்கு எதைப் பார்ப்பது?



இந்த மாதப் பாடம் லேப்டாப் பற்றியது. "நமக்கு எதுக்கு மேடம் லேப்டாப் பாடம்?" என்று சில அக்காமார்கள் கேட்கலாம். ஜூன், ஜூலை வந்தால் நமது குழுக்களில் கேட்கும் உள்கடன்களில் காலேஜ் ஃபீஸுக்கு அடுத்து லேப்டாப் கடன்தான் வருகிறது. பிள்ளைக்கு வாங்கினாலும் கடன் நம் பெயரில்தான், தவணை கட்டுவதும் நாம்தான். அதனால் இது நமக்கான பாடம்தான்.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்துக் குழுக்களில் கறவை மாடு வாங்க யாராவது கடன் கேட்டால் கூட்டத்தில் எத்தனை கேள்வி வருகிறது! எத்தனையாவது ஈத்து? எத்தனை லிட்டர் கறக்கும்? பல் பார்த்தீங்களா? மடிநோய் இருக்கா? கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டோம். ஆனால் லேப்டாப்புக்குக் கடன் கேட்டால் "எவ்வளவு? எத்தனை தவணை?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுகிறோம். களப் பணியாளர்களான நாங்களும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டு வந்தோம். அதன் விலையை இரண்டு உறுப்பினர்கள் கொடுத்தார்கள்.

புதுசு வாங்கியவர் கதை

பெருங்களத்தூரில் டிபன் கடை நடத்தும் ஒரு அக்கா. மகள் பி.காம். முதல் வருடம். குழுவில் 24,000 ரூபாய் உள்கடன் எடுத்தார், 24 தவணை. "பழசு வாங்கினா ஏமாத்திடுவாங்க" என்ற பயத்தில் ஒரு கடையில் புத்தம் புது லேப்டாப்பாகப் பார்த்து வாங்கினார். பெட்டி பிரித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் திறந்தார்கள்.

ஆறு மாதம் ஆனது. "இடம் இல்லை, இடம் இல்லை" என்று மெஷின் சொல்ல ஆரம்பித்தது. இரண்டு வேலையைச் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். பத்தாவது மாதம் மகள் அதை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள். அசைன்மென்ட் அடிக்க மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து பிரவுசிங் சென்டருக்குப் போனாள். இருட்டிய பிறகு அம்மா போய்க் கூட்டி வர வேண்டும். அந்த நேரத்தில் கடையில் மாவு அரைக்க ஆள் இல்லை. இன்னும் 14 தவணை பாக்கி.

குழுக் கூட்டத்தில் அவர் அழவில்லை. கேள்விதான் கேட்டார். "மேடம், புதுசுதானே வாங்கினேன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

நாங்கள் போய் அந்த மெஷினைத் திறந்து பார்த்தோம். உள்ளே செலரான் பிராசசர். ராம் 4 ஜிபி, அதுவும் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட முடியாது. சேமிப்பு இடம் 64 ஜிபி, இஎம்எம்சி வகை. ஃபோனிலும் டேப்லெட்டிலும் போடுகிற மாதிரிச் சில்லு அது. விண்டோஸ் தனக்கென்று ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் கொஞ்சம்தான். அப்டேட் ஒவ்வொன்றாக வர வர அந்த மிச்சமும் போய்விட்டது. கடைக்காரர் பொய் ஏதும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் எல்லாம் எழுதித்தான் இருந்தது. அதைப் படிக்க நமக்குத்தான் தெரியவில்லை.

பழசு வாங்கியவர் கதை

செம்பாக்கத்தில் தையல் வேலை செய்யும் ஒரு தங்கச்சி. இவர் கதையைக் கேட்டுவிட்டு "நான் பழசே வாங்கறேன்" என்று 18,000 ரூபாய்க்கு ஒரு பெரிய கம்பெனி லேப்டாப் வாங்கினார். கனமான மெஷின், நல்ல கீபோர்டு, ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. கடையிலேயே விண்டோஸ் 11 ஓட்டிக் காட்டினார்கள். வேகத்துக்குக் குறையே இல்லை. முதல் கதையில் வந்த புதுசை விட இந்தப் பழசு நன்றாகத்தான் ஓடியது.

ஆனால் பேட்டரி 40 நிமிடம்தான் நின்றது. அதற்கும் சார்ஜருக்கும் சேர்த்து 4,000 ரூபாய் செலவு. பிறகு விண்டோஸின் வருடாந்திரப் பெரிய அப்டேட் வரவே இல்லை. விசாரித்தால், அது ஆறாவது ஜெனரேஷன் மெஷின், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலிலேயே இல்லாதது. கடையில் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடும். ஆனால் அப்டேட் கட்டாயம் வரும் என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஒருவர் புதுசு என்பதை நம்பினார். இன்னொருவர் பெரிய கம்பெனி பெயரை நம்பினார். இரண்டு பேருமே மாட்டின் நிறத்தைப் பார்த்தார்கள், பல்லைப் பார்க்கவில்லை.

லேப்டாப்பின் பல் எது?

பிராசசர் நம்பர்தான் லேப்டாப்பின் பல். கடையில் "ஐ5 மேடம், சூப்பர்" என்பார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பது ரகம் மட்டும்தான், வயது அல்ல. வயது தெரிய வேண்டுமானால் அதற்குப் பின்னால் கோடு போட்டு வரும் எண்ணைப் படிக்க வேண்டும்.

ஐ5-6200யு என்றால் 6-வது ஜெனரேஷன்.
ஐ5-8250யு என்றால் 8-வது.
ஐ5-10210யு என்றால் 10-வது.
ஐ5-1135ஜி7 என்றால் 11-வது.
ஐ3-1215யு என்றால் 12-வது.

எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்கணும். மற்றதில் முதல் எண் மட்டும் போதும். மெஷினில் இதைப் பார்ப்பது சுலபம். செட்டிங்ஸ் போய், சிஸ்டம் போய், கடைசியில் அபௌட் என்று இருப்பதைத் திறந்தால் பிராசசர் பெயரும் ராம் அளவும் அங்கேயே இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

"ஐ7 பெரிசு, ஐ3 சிறிசு" என்ற எண்ணத்தையும் விட்டுவிடணும். 6-வது ஜெனரேஷன் ஐ7-6500யு-வில் வேலை செய்யும் கோர் இரண்டுதான். 12-வது ஜெனரேஷன் ஐ3-1215யு-வில் ஆறு கோர். கிழட்டு ஜாதி மாட்டை விட இளம் நாட்டு மாடு கூடுதலாகக் கறக்கும் சமயம் இது.

எட்டு என்ற எண்ணை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்க. விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5. இன்டெல் பிராசசரில் பொதுவாக 8-வது ஜெனரேஷனும் அதற்கு மேலும்தான் அதற்குத் தகுதி. அந்த 8-வது ஜெனரேஷன் 2017-இல் வந்தது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் லேப்டாப் என்றால் பொதுவாக 3000 வரிசையில் இருந்து. இதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். "பிசி ஹெல்த் செக்" என்று மைக்ரோசாஃப்ட்டே இலவசமாக ஒரு சோதனை மென்பொருள் கொடுக்கிறது. கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. "விண்டோஸ் 11 ஓடுது பாருங்க" என்பது சாட்சி இல்லை. அந்தச் சோதனையில் தகுதி உண்டு என்று வந்தால்தான் சாட்சி.

ஏன் இவ்வளவு கவலை? விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. அப்டேட் நின்ற மெஷின் மறுநாளே நின்றுவிடாது. ஆனால் பூட்டு பழுதான வீடு மாதிரி. அதே மெஷினில்தான் நாம் பேங்க் கணக்கு பார்க்கிறோம், ஆதார் ஸ்கேன் வைக்கிறோம், குழுக் கணக்கு எழுதுகிறோம்.

இன்னொரு சங்கதி. புது நம்பர் எல்லாமே புது மெஷின் இல்லை. ரைசன் 5 7520யு என்ற பிராசசர் 2022-இல் வந்தது. ஆனால் அதன் உள்வடிவமைப்பு 2019-இல் வந்த ஸென் 2 வகை. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்வடிவமைப்பைச் சொல்லும். 7520-இல் மூன்றாவது எண் 2. இது கெட்ட மெஷின் என்று சொல்லவில்லை. 7000 என்று இருப்பதால் மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

பல்லுக்கு அடுத்து மடி: ராமும் டிஸ்க்கும்

ராம் என்பது சமையல் மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் இரண்டு அடுப்பு வைக்க முடியாது. இன்றைய வேலைக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று எழுதியிருப்பது திறப்பதற்குத்தான், உழைப்பதற்கு இல்லை.

"இப்ப 4 ஜிபி வாங்கிட்டு அப்புறம் கூட்டிக்கலாம்" என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்க. ஒன்று, கூட்ட ஸ்லாட் இருக்கா, இல்லை பற்றவைத்ததா? இரண்டு, கூட்டினால் இன்றைய விலை என்ன? 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவு வேலை செய்யும் பெரிய பெரிய சர்வர் கூடங்களுக்கு ராம் மொத்தமாகப் போனதுதான் காரணம். அதனால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இப்போது செலவு கூடிய யோசனை.

டிஸ்க்கில் மூன்று வகை கேள்விப்படுவீங்க. சுழலும் ஹார்ட் டிஸ்க் பழையது, மெதுவானது, கீழே விழுந்தால் போச்சு. எஸ்எஸ்டி வேகமானது, இதுதான் வேண்டும், 256 ஜிபி இருந்தால் மாணவர்களுக்குப் போதும். இஎம்எம்சி என்றால் புது பெட்டியில் இருந்தாலும் யோசிக்கணும், 64 ஜிபி என்றால் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் இருக்கும் அரசு லேப்டாப்

நம் உறுப்பினர்கள் பலர் வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் இருக்கும். அன்றைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்த திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. எல்காட் நிறுவனம் மூலமாக அரசு வாங்கிக் கொடுத்தது. முதல் வருட மெஷின்களில் ராம் 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. அன்றைக்கு அது நல்ல மெஷின்தான். எத்தனையோ வீட்டில் முதல் கணினியே அதுதான்.

"அதையே ரிப்பேர் பண்ணி தங்கச்சிக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். 2 ஜிபி மெஷின் என்றால் பணம் போட வேண்டாம். டைப்பிங் பழக வேண்டுமானால் லினக்ஸ் போட்டுக் கொடுங்க. லினக்ஸ் இலவசம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்கூட அந்த மெஷின்கள் பலவற்றில் ஏற்கனவே இருந்தது. லிப்ரே ஆபீஸில் தமிழிலேயே கடிதம் அடிக்கலாம். ஆனால் டேலி கற்கும் பிள்ளைக்கு லினக்ஸ் சரிப்படாது. அது விண்டோஸில்தான் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய மெஷினின் அடிப்பக்கம் உப்பி இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீங்க, குத்தாதீங்க, குப்பைத் தொட்டியிலும் போடாதீங்க. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்க.

கடன் எடுக்கும் முன் இன்னொன்றும் விசாரியுங்க. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்குவதாக 2025 மார்ச் 14 அன்று தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் பிள்ளைக்கு அதில் இடம் உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேட்ட பிறகு கடன் விண்ணப்பம் எழுதுங்க.

பழசு வாங்கப் போகும்போது

சென்னையில் பழைய லேப்டாப் என்றால் ரிச்சி தெருதான் எல்லோர் நினைவுக்கும் வரும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான். தாம்பரம், குரோம்பேட்டையிலும் கடைகள் உண்டு. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் உபயோகித்துவிட்டு மொத்தமாகக் கழிப்பவைதான் பெரும்பாலும் இங்கே வரும். அலுவலகத்தில் மேசை மேல் இருந்த மெஷின் என்பதால் பல சமயம் நல்ல நிலையில் இருக்கும். ஆனாலும் பார்த்துத்தான் வாங்கணும்.

1. பேட்டரி ரிப்போர்ட் கேளுங்க. விண்டோஸிலேயே எடுக்கலாம், கடைக்காரருக்குத் தெரியும். அதில் "டிசைன் கெபாசிட்டி" என்று ஒரு எண், "ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி" என்று ஒரு எண் வரும். முதல் எண் 50,000, இரண்டாவது 30,000 என்றால் பேட்டரியில் உயிர் 60 சதவீதம். பாதிக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்க.

2. அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஒரு வீடியோ போட்டுவிட்டு மற்றதைச் சோதியுங்க. எல்லா எழுத்தும் அடிக்கிறதா, கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை, யுஎஸ்பி எல்லாம் சரியா, மூடித் திறக்கும் கீல் ஆடுகிறதா, சார்ஜர் ஒரிஜினலா என்று பாருங்க.

3. தண்ணீர் பட்ட அடையாளம் பாருங்க. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி இருந்தது என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம். 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். வெள்ளத்தில் நனைந்ததைக் காயவைத்து விற்பவரும் உண்டு. அடியில் இருக்கும் திருகு துருப்பிடித்திருந்தாலும், யுஎஸ்பி துளைக்குள் பச்சை படிந்திருந்தாலும், திரையில் திட்டுத்திட்டாக நிழல் இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்க.

4. பூட்டு இருக்கா என்று பாருங்க. கம்பெனி மெஷினில் பயாஸ் பாஸ்வேர்டு போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் விற்றால் பின்னால் அவஸ்தை. உங்கள் கண் முன்னால் பயாஸ் திறந்து காட்டச் சொல்லுங்க.

5. பில் வாங்குங்க. அதில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கணும், மெஷினின் அடியில் இருக்கும் நம்பரோடு ஒத்துப் போகணும். வாரன்டி எத்தனை மாதம், எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்க. "பில் இல்லாம 1,000 ரூபாய் குறைச்சுத் தர்றேன்" என்றால் வேண்டாம். அது திருட்டு மெஷினாக இருந்தால் போலீஸ் நம் வீட்டுக்குத்தான் வரும். பில் இருந்தால்தான் புகார் கொடுக்கவும் முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புதுசு எப்போது சரி?

புதுசு வாங்காதீங்க என்பது இந்தப் பாடம் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும், தினமும் முழு நாள் வேலை, வெளியூர் ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை, பழுதானால் பார்க்க ஆள் இல்லை என்றால் வாரன்டியோடு புதுசுதான் நிம்மதி. ஆனால் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் நல்ல பிராசசரும் உள்ள புதுசுக்கு உங்கள் பட்ஜெட் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால், அந்தக் காசுக்குக் கிடைக்கும் மட்டமான புதுசை விட நல்ல பழசு மேல்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. புது மாடல் வந்தவுடன் கடையில் பெட்டி பிரிக்காமல் இருக்கும் போன வருட மாடலை விலை குறைத்துத் தருவார்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்தில் இதைக் கேட்டுப் பாருங்க. வாரன்டி நாம் பில் போட்ட தேதியில் இருந்து தொடங்குகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்க.

"வட்டியே இல்லாத இஎம்ஐ" என்று கடையில் சொன்னால் நின்று யோசியுங்க. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த வட்டி பிராசசிங் கட்டணத்திலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும். "ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்று கேளுங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

மாதக் கணக்கு போடுவோம்

விலையைப் பார்க்காதீங்க, மாதத்துக்கு எவ்வளவு என்று பாருங்க. நம் குழுக்களில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 ரூபாய் அசல், குறையும் அசலுக்கு வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அக்கா: கடன் 24,000. 24 தவணையில் வட்டி 3,000. மொத்தம் 27,000. மெஷின் உழைத்தது 10 மாதம். மாதத்துக்கு 2,700 ரூபாய்.

இரண்டாவது தங்கச்சி: கடன் 18,000. 18 தவணையில் வட்டி 1,710. பேட்டரி, சார்ஜர் 4,000. மொத்தம் 23,710. இரண்டரை வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 790 ரூபாய்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. சிட்லபாக்கத்தில் பூ கட்டி விற்கும் அக்கா, மகள் பிசிஏ. இந்த முறை நாங்களும் குழு ஊக்குநரும் கூடவே போனோம். இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். ஒரு கடையில் பில் தர மறுத்தார்கள், இன்னொன்றில் பேட்டரி பாதிகூட இல்லை. "காலு வலிக்குது, ஏதாச்சும் ஒண்ணை எடுத்துக்கலாமே" என்று அந்த அக்காவே சொன்னார். மகள்தான் விடவில்லை. கடைசியில் 10-வது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, பேட்டரி 80 சதவீதம், ஆறு மாத வாரன்டி, சீரியல் நம்பரோடு பில். விலை 22,000. 22 தவணையில் வட்டி 2,530. மொத்தம் 24,530. படிப்பு முடியும் மூன்று வருடம் உழைத்தால் மாதத்துக்கு 681 ரூபாய். அதற்கு மேல் உழைப்பதெல்லாம் லாபம்.

விலைச் சீட்டில் 18,000-தான் குறைவு. மாதக் கணக்கில் 22,000-தான் குறைவு. இந்த விலைகள் அந்தந்த நாள் விலை, உங்களுக்கு மாறும். கணக்கு போடும் முறை மாறாது.

நமது குழுக்களுக்கு நாங்கள் சொல்லும் விதி ஒன்றுதான்: கடைசித் தவணை கட்டும் நாளில் மெஷின் உயிரோடு இருக்கணும், அதற்குப் பிறகும் குறைந்தது ஒரு வருடம் உழைக்கணும். அது புதுசா பழசா என்பது இரண்டாவது கேள்வி.

பெருங்களத்தூர் அக்காவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். குழு கூடிப் பேசி மீதி 14 தவணையை 20 ஆக நீட்டிக் கொடுத்தது. அந்தச் சின்ன மெஷினில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தோம். கடைக் கணக்கு எழுதவும் மகள் பாடம் படிக்கவும் இப்போது ஆகிறது. டேலி வேலைக்கு சிட்லபாக்கத்துப் பெண் சனி ஞாயிறு தன் லேப்டாப்பைக் கொண்டு வருகிறாள். இரண்டு பேரும் டிபன் கடை பின்கட்டில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இருட்டிய பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போகும் வேலை நின்றது. ஆனால் அக்கா இன்னும் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கடன் கொடுக்கும் முன் நாம் நான்கு கேள்வி கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பாடத்தைச் சத்தமாக வாசியுங்க. வீட்டில் லேப்டாப் இருப்பவர்கள் பிராசசர் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாங்க. எத்தனையாவது ஜெனரேஷன் என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடியுங்க. காலேஜ் போகும் பிள்ளைகளையும் கூப்பிடுங்க, அவர்கள் நமக்குச் சொல்லித் தரட்டும்.

இனி லேப்டாப் கடனுக்குத் தீர்மானம் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. என்ன வேலைக்கு? எத்தனை வருடத்துக்கு?
2. பிராசசர் எத்தனையாவது ஜெனரேஷன்? விண்டோஸ் 11 சோதனையில் தேறியதா?
3. ராம் 8 ஜிபி உண்டா? டிஸ்க் எஸ்எஸ்டியா?
4. பழசு என்றால் பேட்டரி எத்தனை சதவீதம்? சீரியல் நம்பரோடு பில் உண்டா?
5. மொத்தக் கடனை உழைக்கும் மாதத்தால் வகுத்தால் எவ்வளவு?
6. பையனுக்குப் புதுசு, பொண்ணுக்கு அவன் கழித்த பழசு என்று முடிவு செய்திருக்கிறோமா? ஏன்?

ஆறாவது கேள்வியை யாரும் தாண்டிப் போகக் கூடாது.

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் கடன் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்க. மாட்டுக்குப் பல் பார்க்க நம் பாட்டிமார் யாரும் பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினார்கள். இதையும் அப்படியே பழகிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது தனியாகப் போகாதீங்க, குழுவில் இருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்க. எங்களைக் கூப்பிட்டாலும் வருகிறோம்.